யானைக்கால் முக்காலியும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் செய்து முடித்தவனுக்கு மூன்றாவதாக ஒரு சோதனை காத்திருக்கிறது என்பதை ஏனோ அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கட்டிய வீட்டையோ, நம்மைப் போன்றவர்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டையோ, சாமான்களால் நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒரு மனிதனுடைய ஆசை, அச்சம், பெருமை, பாசம் ஆகிய அனைத்தும் அப்பொழுதுதான் வெளியே வருகின்றன.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நான் பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வேயில் பார்சல் பிரிவுக் குமாஸ்தாவாக இருப்பவன். பிறருடைய வீட்டுச் சாமான்களை நிறுத்து, எழுதி, சீட்டு ஒட்டி அனுப்புவது என் தொழில். பெட்ரோல் வடிக்கப்பட்டு, சாக்குத் துணி சுற்றப்பட்டு, சவம் போல் கிடக்கும் மோட்டார் சைக்கிள்களே அதிகம். ஆயினும் அவற்றினிடையே ஊஞ்சல் பலகை வரும். கால் கழற்றிய கட்டில் வரும். சாக்கில் கட்டிய அம்மிக்கல் வரும். மிக்ஸி இருக்கும் வீட்டுக்கு அம்மி எதற்கு என்று ஒரு முறை ஒரு பெரியவரைக் கேட்டுவிட்டேன். "தம்பி, அம்மியில் மிளகாய் அரைப்பதில்லை. அதன்மேல் டெலிவிஷன் இருக்கிறது" என்றார். எடையைக் குறித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

சென்ற மாதம் என் மைத்துனர் வாணியம்பாடியிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். பெங்களூருக்கு வந்து அரண்மனையைப் பார்க்காமல் போனால் ஊரில் மதிப்பு இராது என்றார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தாயார், மனைவி, பெண், பையன், மைத்துனர் குடும்பம் எனப் பெரும்படையாக வசந்த நகரிலுள்ள பெங்களூர் அரண்மனைக்குப் புறப்பட்டோம்.

அந்த அரண்மனையின் பிறப்பே ஒரு வேடிக்கை. அதை முதலில் கட்டத் தொடங்கியவர் அரசர் அல்லர்; பள்ளிக்கூடத்து வாத்தியார். சென்ட்ரல் ஹைஸ்கூலின் முதல்வராக இருந்த காரெட் என்னும் பாதிரியார் 1862-இல் அதைக் கட்டத் தொடங்கினார் என்பர். 1873-இல் அது 40,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. அப்பொழுது அரசர் சாமராஜேந்திர உடையாருக்கு வயது பத்து. அவருக்காக ஆங்கிலேயப் பாதுகாவலர்கள் வாங்கினார்கள். பத்து வயதுப் பையனுக்கு நாம் சைக்கிள் வாங்கித் தர யோசிக்கிறோம்! அதன் பிறகு அதைத் திருத்துவதும் கூட்டுவதுமாக 1944 வரை வேலை நடந்தது. வீட்டு வேலை ஒரு தலைமுறையில் முடியாது என்று நம் மேஸ்திரிகள் சொல்வது அரசர்களுக்கும் பொருந்தும் போலும்.

வெளியே கோட்டை கொத்தளம், கூர்மாடம், கொடி படர்ந்த சுவர். இங்கிலாந்திலுள்ள வின்சர் அரண்மனையைப் போலச் செய்தது என்று சொல்வார்கள். உள்ளே நுழைந்து மாடிப்படி ஏறினால் தர்பார் மண்டபம். மேலே சுவரிலிருந்து ஒரு யானைத்தலை நம்மைப் பார்க்கிறது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ரவிவர்மாவின் ஓவியங்கள், நீல ஓடு பதித்த கருங்கல் ஆசனங்கள் என்று அழகுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் கூட்டம் நின்றுவிட்ட இடம் வேறு. யானையின் பாதத்தை அறுத்து, பதப்படுத்தி, மேலே மெத்தை வைத்து முக்காலியாகச் செய்திருந்தார்கள்! நகங்கள் வரிசையாக அப்படியே இருந்தன.

"யானைக்கால் என்றால் எங்கள் பக்கத்தில் வியாதி, இங்கே அது ஆசனமா?" என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தோம். என் ஆறு வயதுப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, கால் இங்கே இருந்தால் யானை எதன்மேல் நிற்கும்?" என்று கேட்டான். பார்சல் சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. என் தாயார்தான் பதில் சொன்னார்: "அது நின்ற காலம் போய்விட்டதடா, கண்ணு."

அக்காலத்தில் இது விசித்திரமாகத் தோன்றியிராது. வேட்டை என்பது அரசர்க்கும் ஆங்கிலேய துரைமார்க்கும் விருந்து போன்றது. விருந்து முடிந்தபின் இலையை எறிவோம். அவர்கள் எறியாமல் கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். மைசூரில் வான் இங்கன் என்னும் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இதையே தொழிலாக நடத்தினார்கள். புலி, சிறுத்தை ஆகியவற்றின் தோலை உயிருள்ளவை போலப் பதப்படுத்துவதில் உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் வேட்டையும் தளர்ந்தது, தொழிலும் தளர்ந்தது. இன்று அத்தகைய முக்காலி வேண்டுமென்று எவரேனும் கேட்டால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆசனம் சிறைச்சாலையில்தான் இருக்கும்.

அரண்மனை ஒன்று பார்த்தால் போதாது என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கவே, கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு அருகில், கோட்டை வெங்கடரமணர் கோயிலை ஒட்டியுள்ள திப்பு சுல்தானின் கோடை அரண்மனைக்குப் போனோம். 1781-இல் ஹைதர் அலி தொடங்கி, 1791-இல் திப்பு முடித்தது. தேக்குமரத் தூண்களும் வளைவுகளும் கொண்டது. சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் 1868 வரை ஆங்கிலேயர் அதை அரசாங்கச் செயலகமாக வைத்துக்கொண்டார்கள். சொர்க்கம் பொறாமைப்பட்ட இடத்தில் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் காகிதக் கட்டுகளுடன் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தபொழுது எனக்குச் சற்றே பெருமையாக இருந்தது. சொர்க்கத்தின் பொறாமை அன்றோடு தீர்ந்திருக்கும்.

அங்கே திப்புவின் புலிக்கு ஒரு சிறு மாதிரி வைத்திருக்கிறார்கள். மெய்யான புலி மரத்தாலானது. ஏறக்குறைய முழு உருவம். ஓர் ஐரோப்பியச் சிப்பாயின்மேல் பாய்ந்து குரல்வளையைக் கவ்வுகிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயுள்ள துருத்திகள் இயங்க, புலி உறுமும். மனிதன் கையைத் தூக்கி ஓலமிடுவான். போதாக்குறைக்கு உள்ளே வாசிக்கத் தக்க ஆர்மோனியம் போன்ற கட்டைகளும் உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள்களில் இதைவிட விசித்திரமானது வேறொன்று இருக்குமா? 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். 1808 முதல் லண்டனில் கம்பெனியாரின் மாளிகையில் காட்சிக்கு வைத்தார்கள். இப்பொழுது அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கள் இனத்தவனைப் புலி தின்னும் பொம்மையைத் தாங்களே காசு செலவழித்துப் பாதுகாக்கிறார்கள்.

திப்புவின் பொன் சிம்மாசனத்தின் படமும் அங்கே இருக்கிறது. படம்தான் இருக்கிறது; சிம்மாசனம் இல்லை. வென்றவர்கள் அதை உடைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதிலிருந்த பொன் புலித்தலை ஒன்று எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அதே வின்சர் அரண்மனைக்கு! அன்பர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே நாம் வின்சரைப் பார்த்து வீடு கட்டினோம். அங்கே வின்சர் நம் வீட்டுப் புலியை எடுத்து அலங்காரமாக வைத்துக்கொண்டது. ஆசைப்பட்டுப் பிறர் வீட்டைப் பார்ப்பது என்பது இருபக்கமும் உள்ள நோய்தான். என்ன வேறுபாடு என்றால், நாம் சாயலை எடுத்தோம். அவர்கள் சாமானை எடுத்தார்கள்.

மறுநாள் மைத்துனரை ஊர் சுற்றிக் காட்டினேன். 1809-இல் கண்டோன்மெண்ட் ஏற்பட்டபின் கட்டிய பழைய பங்களாக்கள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. அவற்றின் சன்னல்களுக்கும் முகப்புக்கும் மேலே மரச்சட்டங்களால் கூம்பு போன்ற ஒரு தொப்பி வைத்திருப்பார்கள். இதற்குக் 'குரங்குத் தொப்பி' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் உண்டு. வெயிலையும் மழைச் சாரலையும் தடுக்கும், காற்றை விடும். பெயர் குரங்கினுடையதாயினும் வேலை மனிதனுக்கு உதவுவது. இப்படிப் பார்த்தால், வேடிக்கையாகத் தோன்றும் பல பொருள்களுக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது.

நியாயமே இல்லாதவையும் உண்டு. ஒயிட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடியில் புதிதாக வீடு வாங்கிய ஒரு நண்பர் எங்களை அழைத்திருந்தார். அவர் கூடத்துச் சுவரில் செங்கல் தெரிந்தது. பூச்சு வேலை பாக்கியா என்று மைத்துனர் வருத்தத்துடன் கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே, அது செங்கல் அன்று, செங்கல் படம் போட்ட காகிதம் என்றார். செங்கல்லை வைத்துக் கட்டி, செங்கல் தெரியாமல் சாந்து பூசி, சாந்து தெரியாமல் செங்கல் படத்தை ஒட்டும் வித்தையை எந்தச் சிற்ப சாஸ்திரம் சொல்லிற்றோ! நல்ல கூரைக்குக் கீழே மற்றொரு பொய்க் கூரையும் இருந்தது. அதனுள் நீல விளக்கு. அந்த வெளிச்சத்தில் நாங்கள் அனைவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களைப் போலத் தோன்றினோம்.

அவர் வீட்டு நடுக்கூடத்தில் தேநீர் வைக்கும் மேஜையாக இருந்தது ஒரு பழைய இரும்பு டிரங்குப் பெட்டி. நீல வர்ணம் அடித்து, மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். பழம்பொருள் கடையில் 9,000 ரூபாய்க்கு வாங்கியதாம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிறர் வீட்டைப் பார்த்துச் சிரித்தவன் தன் வீட்டையும் பார்க்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஒன்று கல்யாணத்துக்கு வந்தது. ஒன்று சீட்டுக் கம்பெனி கொடுத்தது. ஒன்று கிரகப்பிரவேச வீட்டில் தாம்பூலத்தோடு கிடைத்தது. மூன்றும் மூன்று நேரம் காட்டும். ரயில்வே ஊழியன் வீட்டில் இப்படியா என்று கேட்பவர்களிடம், ஒன்று புறப்படும் நேரம், ஒன்று வந்து சேரும் நேரம், மற்றொன்று அறிவிப்புச் செய்யும் நேரம் என்று சொல்லிச் சமாளிப்பேன். சோபாவுக்குக் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. கோடையில் அதன்மேல் உட்கார்ந்த விருந்தாளி எழுந்திருக்கும்பொழுது தோல் உரியும் ஓசை கேட்கும். கண்ணாடி அலமாரியில் ஆறு பீங்கான் கோப்பைகள் உள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளாக அவற்றில் ஒரு சொட்டுக் காப்பியும் பட்டதில்லை. துணி துவைக்கும் எந்திரம் பூப்போட்ட சட்டை அணிந்து நிற்கிறது. நாம் பழைய சட்டை போட்டுக்கொண்டு அதற்குப் புதுச் சட்டை தைக்கிறோம்.

நம்மவர் வீடுகளில் மற்றொரு விசேஷம், எந்தப் பொருளும் சுவரில் தொங்காது. எல்லாம் சாய்ந்தே நிற்கும். சாமி படம் அலமாரியில் சாய்ந்திருக்கும்; காலஞ்சென்ற பெரியவர் படம் சன்னல் கம்பியில் கட்டப்பட்டிருக்கும். காரணம் உங்களுக்குத் தெரியும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்த ஊர் இது. அந்தப் பணம் முழுதாகத் திரும்பிவர வேண்டுமானால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழ்கிறவன் தன் தகப்பனார் படத்துக்கு ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. அரசர்கள் யானைத் தலையை மாட்டினார்கள். நமக்கு ஒரு நாட்காட்டி மாட்ட இடமில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் வீடுகள் ஏன் மூட்டை கட்டத் தயாரான ரயில் நிலையத் தங்கும் அறை போலக் காட்சி தருகின்றன என்பதற்கு விடை அந்த ஆணியில் இருக்கிறது.

இப்பொழுது டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். என் தகப்பனார் 1974-இல் வாணியம்பாடியில் ரயிலேறிக் கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கியபொழுது தலையில் சுமந்து வந்த இரும்புப் பெட்டி அது. ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். அவர் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியின் முகத்தில் வெள்ளை எழுத்தில் அவர் பெயரும், கீழே பெங்களூர் என்றும் எழுதியிருக்கும். பழைய புடவையை மடித்து மேலே போட்டு அதை ஆசனமாக்கியிருந்தோம். என் தாயார் வேறெங்கும் உட்காரமாட்டார். ஒரு மூலை நசுங்கி, நான்காவது மூலை துருப்பிடித்து, உட்காரும்பொழுதெல்லாம் அது ஒரு பழைய எஞ்சினைப் போல முனகும்.

இடம் போதவில்லை என்று அதைப் போட்டுவிடத் தீர்மானித்திருந்தோம். என் மனைவியைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகள் படிக்க ஒரு மேஜை வேண்டும், அதை வைக்க வேறு இடமில்லை. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருந்தது, அரண்மனை பார்த்த அதே வாரத்தில். ஒயிட்ஃபீல்டு நண்பர் வீட்டில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. கிலோக் கணக்கில் போகவிருந்த சாமான் அங்கே ஒன்பதாயிரம்! வீடு திரும்பும் வழியில், "ஏங்க, நாமும் வர்ணம் அடித்துக் கண்ணாடி போட்டால் என்ன?" என்றாள் மனைவி. "விற்றால் என்ன?" என்றேன் நான். தாயார் இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் இரும்புக்காரர் தராசோடு வந்துவிட்டார். கன்னடக்காரர், நல்ல மனிதர். பெட்டியைக் காலி செய்யச் சொன்னார். தாயார் எழுந்து, தாமே மூடியைத் திறந்து, சேலைகளை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு என் ஒன்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இதைப் படி, கண்ணு. உங்கள் தாத்தா என்ன எழுதினார் என்று கேட்க வேண்டும்" என்றார். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. பலமுறை என் கண்ணில் பட்டதுதான். ஏதோ பால்கணக்கு என்று நினைத்து விட்டிருந்தேன். தாயாருக்குப் படிக்கத் தெரியாது.

குழந்தை குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாட்டி, இது தமிழ். எனக்குப் படிக்க வராதே" என்றாள்.

அவள் கெட்டிக்காரி. கன்னடம் எழுதுவாள், ஆங்கிலம் ஒப்பிப்பாள். தமிழ் பேசுவாள், சண்டையும் போடுவாள். பள்ளியில் தமிழ் இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்க எனக்கு நேரமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரார் வீட்டு விலாசங்களையெல்லாம் நாள்தோறும் படித்துச் சீட்டு ஒட்டுகிறவன், தன் தகப்பனார் எழுதி வைத்ததைப் படித்ததில்லை. தன் பெண்ணுக்குப் படிக்கவும் கற்றுத் தரவில்லை. பெட்டிமுன் உட்கார்ந்து நானே படித்தேன்.

அது பால்கணக்கு அன்று. 1974 அல்சூர், மாமா வீடு, வாடகை இல்லை, மரியாதையும் இல்லை. 1976 ஸ்ரீராமபுரம், 18 ரூபாய், ஒழுகும். 1981 ஸ்ரீராமபுரம் வேறு வீடு, 40 ரூபாய், தண்ணீர் தூரம், வீட்டுக்கார அம்மாள் நல்லவர். 1986 மாகடி ரோடு, 90 ரூபாய், இங்கே மகன் பிறந்தான். இப்படியே ஏழு வீடுகள். எந்த வீட்டிலும் என்ன சாமான் இருந்தது என்று அவர் எழுதவில்லை. சாமான் என்று இருந்ததே இந்தப் பெட்டி ஒன்றுதான். ஏழு வீட்டுச் சுவர்களிலும் அவர் அடிக்க முடியாத ஆணிகளை இந்த மூடியில் அடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று.

நான் படித்து முடிக்கும்வரை இரும்புக்காரரும் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீராமபுரத்து வீட்டுக்கார அம்மாளைப் பற்றிய வரியைத் தமிழும் கன்னடமும் கலந்து அவருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இதை எடை போட வேண்டாம், சார்" என்றார். மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். அன்றுதான் அந்தப் பீங்கான் கோப்பைகளில் முதன்முதலாகக் காப்பி ஊற்றப்பட்டது.

பெட்டிக்கு நாங்கள் வர்ணம் அடிக்கவில்லை, கண்ணாடியும் போடவில்லை. இரவில் சாப்பாடு ஆனபின் அதுவே எங்கள் பள்ளிக்கூட மேஜை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு வரி என்று பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பையனும் பக்கத்தில் உட்காருகிறான். இப்பொழுது 1981 வரை வந்திருக்கிறார்கள். 'ஒழுகும்' என்பதிலுள்ள ழகரம் இருவருக்கும் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. 2006-க்குக் கீழே காகிதத்தில் கொஞ்சம் இடம் மீதி உள்ளது. அதில் இப்பொழுது நாங்கள் இருக்கும் வீட்டைத் தன் கையாலேயே எழுதுவதாகப் பெண் சொல்லியிருக்கிறாள்.

அன்பர்களே, யானைக்கால் முக்காலியைப் பார்த்து நாம் சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டு மூலையிலும் பயனற்றது என்று ஒதுக்கிய ஒரு பெட்டியோ பலகையோ பானையோ இருக்கும். எடைக்குப் போடுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். உங்கள் குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரும்புக்காரரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. மூன்று கடிகாரங்களில் இரண்டைக் கொடுத்தனுப்பினேன். இப்பொழுது எங்கள் வீட்டில் ஒரே நேரம்தான். அது பத்து நிமிஷம் பின்தங்கியே ஓடுகிறது.